ஆலைத் தொழிலாளரின் கணக்கறிவைப் புள்ளியியல் கொண்டு அளப்பது எப்படி?

கப்பலூர் தொழிற்பேட்டையிலோ, மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளிலோ பயிற்சிப் பொறுப்பை அண்மையில் ஏற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எதை அளக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். கூட்டல், பெருக்கல், தசமம், விழுக்காடு, அலகு மாற்றம் ஆகிய ஐந்துக்கும் திறனுக்கு இரண்டாக, பத்துக் கேள்விகள் போதும். அவை ஆலைக்குள்ளிருந்தே வரட்டும்: ஒரு கோனில் (நூல் சுற்றிய கூம்பில்) 1.25 கிலோ நூல் என்றால், 40 கோன் அடுக்கிய பெட்டியில் எத்தனை கிலோ? 200 கிலோ பஞ்சில் 14 கிலோ கழிவானால், அது எத்தனை விழுக்காடு? கேள்விகளை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது மிக அவசியம். மாட்டுத்தாவணிச் சந்தையில் மனக்கணக்காகவே விலை போட்டுக் காய் வாங்கும் ஒருவர் அச்சிட்ட தாளைக் கண்டு தடுமாறினால், நாம் அளந்தது அவருடைய வாசிப்பையே தவிர, கணக்கறிவை அன்று.

அடுத்து, ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் கைகாட்டும் நபர்களை எடுக்காமல், ஒவ்வொரு ஷிப்டின் வருகைப் பதிவேட்டிலிருந்தும் அதன் ஆள்கணக்கு விகிதப்படி, குடவோலை போல் பெயர்ச்சீட்டுகளைக் குலுக்கி எடுங்கள். இந்தத் தேர்வால் சம்பளமோ வேலையோ பாதிக்கப்படாது என்பதை நிர்வாகமே முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அச்சத்தோடு எழுதிய விடை நம்பத்தக்க தரவாகாது.

மதிப்பெண்கள் வந்ததும் சராசரியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒன்பது பேரின் மதிப்பெண்கள் 2, 3, 3, 4, 4, 5, 9, 10, 10 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 50, சராசரி ஏறத்தாழ 5.6; ஆனால் ஆறோ ஏழோ எடுத்தவர் ஒருவர்கூட இல்லை. வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 4 என்பதே பெரும்பாலோரின் நிலைக்கு நெருக்கமானது. இங்கே இருப்பவை இரண்டு தனிக் குழுக்கள். இரு குழுக்களுக்கும் ஒரே பாடம் நடத்தினால் எந்தக் குழுவுக்கும் பயன்படாது.

என் பார்வையில், ஆளுக்கு ஆள் மதிப்பெண்ணை ஒப்பிடுவதைவிடக் கேள்விக்குக் கேள்வி ஒப்பிடுவதே பயன் மிக்கது. 40 பேரில் 36 பேர் பெருக்கலைச் சரியாகச் செய்து, 18 பேர் மட்டுமே விழுக்காட்டைச் சரியாகச் செய்திருந்தால், எதைக் கற்பிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்த 18 பேர் 45 விழுக்காடு. ஆனால் இது ஆலையில் எல்லோரையும் அல்லாமல், குலுக்கி எடுத்த சிலரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு என்பதால் பிழை எல்லையும் உண்டு: 0.45-ஐ 0.55-ஆல் பெருக்கி, 40-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.96-ஆல் (95 விழுக்காடு நம்பகத்துக்கு வழக்கமாகக் கொள்ளும் எண்) பெருக்கினால் ஏறக்குறைய 0.15 வரும். ஆகவே மொத்த ஆலைக்கும் 30 முதல் 60 விழுக்காடு வரை என்று சொல்வதே நேர்மையான விடை.

பயிற்சிக்குப் பின், அதே ஆட்களுக்கு அதே கடினத்தன்மை கொண்ட வேறு கேள்விகளைக் கொடுத்து, ஒவ்வொருவரும் கூடினாரா குறைந்தாரா என்று மட்டும் குறியுங்கள். பயிற்சியால் எந்தப் பயனும் இல்லையென்றால், ஒருவர் கூடுவதும் குறைவதும் நாணயம் சுண்டுவது போலத்தான். எனவே 12 பேரில் 10 பேர் கூடியிருந்தால், நாணயத்தை 12 முறை சுண்டும்போது 10 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்போடு அதை ஒப்பிடலாம்; அந்த வாய்ப்பு 4096-இல் 79, அதாவது நூற்றுக்கு இரண்டுக்கும் சற்றுக் குறைவு; ஆகவே அதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். ஏழு பேர் மட்டுமே கூடியிருந்தால் அது தற்செயலாகவும் நிகழக்கூடியது என்பதால், பயிற்சி பலித்தது என்று அறிக்கையில் எழுதாமல், இன்னும் சில வாரம் நடத்திவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.