கலரிங் ஷீட் பிரின்ட் எடுக்கும் முன் கலர் டப்பாவைப் பாருங்கள்

பிள்ளையின் மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவின் முனை கறுத்துப் போயிருக்கிறதா? பேனா மீது பழி போடாதீர்கள். தாளில் அச்சான கறுப்புக் கோடு தண்ணீரில் கரையும் மையால் ஆனது. பேனாவின் ஈரம் பட்டதும் கோடு கசிந்திருக்கிறது, பஞ்சு முனை அந்தக் கறுப்பை உறிஞ்சிக்கொண்டது. அடுத்த பக்கத்தில் வரும் சூரியனும் அழுக்காகத்தான் வரும்.

அதனால் பிரின்டரில் கை வைக்கும் முன், பிள்ளை எதை வைத்துக் கலர் அடிக்கப்போகிறது என்று பாருங்கள். மையும் தாளும் கோட்டின் தடிமனும் அதைப் பொறுத்துத்தான்.

முதலில் மை

க்ரையான், கலர் பென்சில் என்றால் கவலையே இல்லை. இரண்டும் ஈரமில்லாதவை, எந்த பிரின்டரில் எடுத்தாலும் சரி. பிரின்ட் வந்ததும் பத்து நிமிஷம் காயவிட்டுக் கொடுங்கள், போதும்.

ஸ்கெட்ச் பேனா, வாட்டர் கலர் என்றால்தான் யோசிக்க வேண்டும். இன்க்ஜெட், இன்க் டேங்க் பிரின்டர்களின் மை இரண்டு வகை. சாயம் தண்ணீரில் கரைந்திருப்பது டை மை. நுண்துகள்கள் கரையாமல் மிதப்பது பிக்மென்ட் மை. டை மை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கசியும், பிக்மென்ட் பெரும்பாலும் கசியாது. பல இன்க் டேங்க் பிரின்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்று நிறங்களும் டை. சில மாடல்களில் நான்குமே டை. உங்களுடையது எது என்று அறிய எளிய சோதனை உண்டு: ஒரு பக்கம் எடுத்து, பத்து நிமிஷம் கழித்து, ஈர விரலால் கோட்டைக் குறுக்காக ஒரு தடவை தேயுங்கள். சாம்பல் வால் இழுத்தால் டை.

லேசர் பிரின்டரிலும் ஜெராக்ஸ் இயந்திரத்திலும் மை கிடையாது. டோனர் என்ற பிளாஸ்டிக் கலந்த பொடியைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கிறார்கள். அதன்மேல் தண்ணீரே ஊற்றினாலும் கோடு அசையாது. வீட்டில் டை மை பிரின்டர் மட்டும் இருந்தால், ஒரு பிரதி எடுத்து ஜெராக்ஸ் கடையில் நகல் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை கையில் கொடுப்பது அந்த நகலை.

லேசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: க்ரையான் அடித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று மறுபடி டிரேயில் வைக்காதீர்கள். க்ரையான் என்பது மெழுகு. டோனரை உருக்கும் உருளையின் சூட்டில் அது இளகி ஒட்டிக்கொள்ளும். பிறகு வரும் தாளிலெல்லாம் கறை விழும்.

தாள்

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜி.எஸ்.எம். ஏ4 ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட ரீம் இரண்டரை கிலோ. 75 என்றால் ரீம் சுமார் 2.34 கிலோ, 70 என்றால் 2.18 கிலோ. உறையில் போட்டிருப்பதில் சந்தேகம் வந்தால் சமையலறைத் தராசு சொல்லிவிடும்.

க்ரையானுக்கும் பென்சிலுக்கும் 70 அல்லது 75 தாராளம். கடையில் கிடைக்கும் சாதாரண காப்பியர் தாள் எல்லாம் இந்த வகைதான். கரூர் மாவட்டத்து டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளும் இதற்கு நன்றாகவே போகும். தாள் மிக வழவழப்பாக இருந்தால் க்ரையான் பிடிக்காமல் வழுக்கும், லேசான சொரசொரப்பு நல்லது.

ஸ்கெட்ச் பேனாவுக்கு 75 போதாது. ஒரே இடத்தில் இரண்டு தடவை தேய்த்தால் பின்பக்கம் ஊறி மேஜை வரை இறங்கும். 100 ஜி.எஸ்.எம். வாங்குங்கள், அல்லது கீழே ஒரு பழைய காலண்டர் தாள் வையுங்கள். இரண்டு பக்கமும் பிரின்ட் எடுத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், ஒரு பக்கத்துக் கலர் மறுபக்கத்துப் படத்தைக் கெடுத்துவிடும்.

வாட்டர் கலருக்கு காப்பியர் தாள் ஆகவே ஆகாது, ஈரம் பட்டதும் நெளிந்து குளம் கட்டும். தடித்த தாள் வேண்டும். ஆனால் உங்கள் பிரின்டர் எவ்வளவு தடிமன் வரை தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே வாங்குங்கள். முன்பக்க டிரே உள்ள பிரின்டர்கள் தாளை உள்ளே வளைத்துத் திருப்புவதால் தடித்த தாள் அங்கே சிக்கும். பின்பக்கம் செருகும் வகையில் தாள் ஏறக்குறைய நேராகப் போகும், அதில் கொடுங்கள். போட்டோ தாள் பளபளப்பாக இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். ஸ்கெட்ச் பேனா அதில் காயாது, க்ரையான் ஒட்டாது.

படம்

திரையில் அழகாக இருந்த படம் தாளில் பல்பல்லாக வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: பிக்சல் போதவில்லை. ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் முழுத்தாளுக்கு 2480 × 3508 பிக்சல் வேண்டும். 600 பிக்சல் அகலப் படத்தை இந்தத் தாளில் விரித்தால் அங்குலத்துக்கு 72 புள்ளிதான் கிடைக்கும், கோடு படிக்கட்டு போலத் தெரியும். பாதி அளவு, அதாவது 150 டிபிஐ இருந்தாலே கலரிங் ஷீட்டுக்குச் சமாளிக்கலாம். கூகுள் படத்தேடலில் முதலில் தெரிவது சிறு நகல், அதைச் சேமிக்காமல் மூலப் பக்கத்துக்குப் போய் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் சுருங்கும், டாக்குமென்ட் என்று அனுப்புங்கள். பிடிஎஃப் கிடைத்தால் இன்னும் நல்லது. பிரபல கார்ட்டூன் படங்களுக்கு உரிமையாளர் உண்டு. வீட்டில் ஒன்று எடுப்பது வேறு, பள்ளியில் அச்சிட்டு விற்பது வேறு.

படமே தேட வேண்டாம் என்பவர்களுக்கு நம் சிக்குக் கோலம் கைகொடுக்கும். புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்பும் கோடு தானாகவே மூடிய கட்டங்களைத் தருகிறது, ஒவ்வொன்றும் ஒரு கலருக்கான இடம். நேர்ப்புள்ளி 5-க்கு 5 என்றால் புள்ளிக்குப் புள்ளி 35 மி.மீ. இடைவெளி விடுங்கள், சுற்றும் கோட்டையும் சேர்த்து 175 மி.மீ.க்குள் அடங்கும். 7-க்கு 7 என்றால் 25 மி.மீ. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு 3-க்கு 3 போதும். கோடும் 2 மி.மீ. தடிமன் இருக்கட்டும், கொஞ்சம் தாண்டினாலும் தெரியாது. ஏழு வயதுக்கு மேல் 1 மி.மீ. சரி. கணினியில் வரைபவர்கள் 300 டிபிஐயில் 1 மி.மீ. என்பதற்கு 12 பிக்சல் என்று வைத்துக்கொள்ளலாம்.

கையால் வரைபவர்கள் கோலத்தை வெள்ளைத்தாளில் கறுப்பு மார்க்கரால் போட்டு, கூகுள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதியில் எடுத்து, கறுப்பு-வெள்ளை வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண கேமராவில் எடுத்தால் வெள்ளைத்தாள் திரையில் சாம்பலாகப் பதியும். அந்தச் சாம்பலை பிரின்டர் ஆயிரக்கணக்கான பொடிப்புள்ளிகளாகத் தெளித்து வைக்கும். மையும் தண்டம், மஞ்சளும் எடுபடாது.

பிரின்ட் கொடுக்கும்போது

1. தாள் அளவு ஏ4 என்று மாற்றுங்கள். அமெரிக்கத் தளங்களின் பிடிஎஃப் பெரும்பாலும் லெட்டர் அளவு, அதாவது 216 × 279 மி.மீ. அதை ஆக்சுவல் சைஸில் கொடுத்தால் பக்கவாட்டில் வெட்டுப்படும். ஃபிட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. தாள் வகை பிளெயின், நிறம் கிரேஸ்கேல். பிளாக் இன்க் ஒன்லி என்று தனியே இருந்தால் அதுவே சிறந்தது. போட்டோ தாள் என்று விட்டுவிட்டால் சில பிரின்டர்கள் பிக்மென்ட் கறுப்பைத் தொடாமல் மூன்று நிறங்களைக் கலந்து கறுப்பு உண்டாக்கும். ஈரம் பட்டதும் அது பிரிந்து ஓடும்.

3. தரம் ஸ்டாண்டர்ட். டிராஃப்டில் கோடு வெளிறி, வளைவுகள் விட்டுவிட்டு வரும்.

4. ஒரே ஒரு தாள் எடுத்துப் பாருங்கள், பிறகு மற்றவை.

கோட்டில் சீரான இடைவெளியில் வெள்ளை வரி விழுந்தால் நாசில், அதாவது மை தெளிக்கும் நுண்துளை, அடைத்திருக்கிறது. வாரக்கணக்கில் சும்மா கிடந்த இன்க் டேங்கில் இது சகஜம். நாசில் செக் எடுத்து, அடைப்பு தெரிந்தால் மட்டும் ஹெட் கிளீனிங் ஒரு தடவை கொடுங்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் மை குடிக்கும், தொடர்ந்து நாலைந்து தடவை அழுத்துவதில் பயனில்லை. இரண்டு மூன்று தாள் சேர்ந்து உள்ளே போனால் தாளில் ஈரப்பதம் ஏறியிருக்கிறது. தாள்கட்டை எடுத்து விசிறிபோல விரித்து, ஓரம் தட்டி வையுங்கள். மழைக்காலத்தில் பிரித்த ரீமை அதன் உறையிலேயே மூடி வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

வகுப்புக்கு நாற்பது பிரதி

நாற்பதையும் இன்க்ஜெட்டில் எடுக்காதீர்கள். லேசரில் ஒரு நல்ல மூலப்பிரதி எடுங்கள், மற்றதெல்லாம் ஜெராக்ஸ். நகலிலிருந்து நகல் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையிலும் கோடு தடித்து, தூசிப்புள்ளிகள் சேர்ந்துகொண்டே போகும். கேள்வித்தாள் அச்சடிக்கும் ரிசோ இயந்திரம் பள்ளியில் இருந்தால் ஒரே படத்துக்கு நிறையப் பிரதி எடுக்கும்போது அது மலிவு. ஆனால் அந்த மை மெல்லத்தான் காயும், உடனே கொடுத்தால் பிள்ளைகளின் உள்ளங்கையில் படம் இருக்கும். முந்தின நாளே எடுத்து வையுங்கள்.

சிறு பிள்ளைகளுக்குப் பாதித் தாள் போதும் என்றால் 71 சதவீதத்தில் சுருக்கினால் ஏ4 படம் ஏ5 ஆகும், ஒரு தாளில் இரண்டு. சுவரில் ஒட்டிக் குழுவாக அடிக்க 141 சதவீதம் பெருக்கினால் ஏ3. இடது ஓரத்தில் 20 மி.மீ. காலியாக இருந்தால் பஞ்ச் போட்டு ஃபைலில் கோக்கும்போது படம் ஓட்டையாகாது.

மூலப்பிரதியைப் பத்திரப்படுத்த பிளாஸ்டிக் உறையில் போடுபவர்கள் அதிகம். பிவிசி உறையில் டோனர் மெல்ல ஒட்டிக்கொள்ளும், ஆறு மாதம் கழித்து உருவினால் பாதிக் கோடு உறையோடு போய்விடும். இடையில் ஒரு வெறும் தாளை வைத்துச் செருகுங்கள்.