பழைய வண்டியில் பெட்ரோல் டேப் ஒழுகுதா? நீங்களே சரிபண்ணலாம்

தோட்டத்துச் சாளையில் அப்பாரு ஓட்டின புல்லட்டோ ராஜ்தூத்தோ நிற்கிற வீடு எங்க கொங்குப் பக்கம் நிறைய உண்டுங்க. நாலு மாசத்துக்கு ஒருக்கா வெளியே எடுத்து உதைத்தால் கிளம்பிவிடும். ஆனால் டேங்குக்கு அடியில் பெட்ரோல் வாடை. உடனே கடைக்குப் போய், டேங்கிலிருந்து வருகிற பெட்ரோலைத் திறந்து மூடுகிற அந்த டேப்பைப் புதுசாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அது தேவையில்லை என்பதுதான் என் கட்சி. பழைய பித்தளை டேப்பின் உடம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது உள்ளே இருக்கிற கார்க், ரப்பர், வாஷர் இவற்றில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். இப்போது பங்க்கில் ஊற்றுகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. ஊதும், பிசுபிசுக்கும்.

வேலை செய்யும் இடம்

வெளியே, காற்றோட்டமான மரத்தடியில் நிறுத்துங்க. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம். தரையோடு ஊர்ந்து தூரத்தில் இருக்கிற நெருப்பையும் போய்ப் பிடிக்கும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக் கொட்டகைக்குள்ளேயே வண்டியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் சுவிட்சில் பொறி, தரையெல்லாம் பஞ்சு. அங்கே டேப்பில் கை வைக்கவே கூடாது. இன்ஜின் நன்றாக ஆறட்டும், பேட்டரி ஒயரைக் கழட்டுங்க, ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். பீடி, சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எங்கே ஒழுகுது?

அவசரப்படாமல் செய்ய வேண்டியது இதுதான். டேப்பைத் துணியால் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டு, மேலிருந்து கீழ்வரை சாக்பீஸ் பொடியைத் தூவுங்க. கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் கசிகிற இடத்தில் வெள்ளைப் பொடி நனைந்து நிறம் மாறும். நனைவு மேலே தொடங்கிக் கீழே இறங்கும், அதனால் ஈரத்தின் உச்சியைத்தான் பார்க்கணும். சொட்டு விழுகிற நுனியைப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

டேங்கும் டேப்பும் சேருகிற இடத்தில் நனைந்தால் வாஷர். கைப்பிடியைச் சுற்றி நனைந்தால் உள் ரப்பர் அல்லது கார்க். டியூப் மாட்டுகிற மூக்கில் என்றால் டியூப் விறைத்துப்போயிருக்கும். நுனியை வெட்டி மாட்டுவதை விட முழுசாக மாற்றிவிடுங்க.

வெளியே எங்குமே ஈரம் இல்லை, ஆனால் பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்ப்பரேட்டர் வழிகிறதா? டேப்பை ஆஃப் செய்து, கார்ப்பரேட்டர் பக்கத்து டியூப் நுனியைக் கழட்டி ஒரு டப்பாவுக்குள் விட்டு 10 நிமிஷம் காத்திருங்க. சொட்டினால் டேப் உள்ளே அடைக்கவில்லை என்று அர்த்தம். சொட்டாவிட்டால் டேப்பின் மேல் குற்றமில்லை, கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஊசியை, அதாவது ஃப்ளோட் நீடிலைப் பாருங்க.

கழட்டுவது

டேங்கில் இருக்கிற பெட்ரோலை ரிசர்வில் வைத்து முழுசாகத் தகர கேனில் இறக்குங்க. தண்ணி பாட்டில் வேண்டாம். பழைய பிரிட்டிஷ் பாணி டேப் ஒரே மரையில் டேங்கில் ஏறியிருக்கும்; ஆர்எக்ஸ் 100 மாதிரி வண்டியில் 2 போல்ட். சரியான அளவு ஸ்பேனர் இல்லாவிட்டால் வாங்கிவந்து ஆரம்பிங்க, கட்டிங் பிளேயரால் பிடித்தால் பித்தளை முனை மழுங்கிவிடும்.

டேப்போடு ஒரு நீட்டுக்குழாய் டேங்குக்குள்ளிருந்து வெளியே வரும். ஆன் நிலையில் அந்தக் குழாயின் உச்சி வழியாகப் பெட்ரோல் வரும். ரிசர்வில் அடி ஓட்டை வழியாக. டேங்கின் அடியில் தேங்குகிற தண்ணியும் துருவும் ரிசர்வில்தான் முதலில் வருகிறது. சல்லடையைக் கழுவுங்க, கிழிந்திருந்தால் மாற்றுங்க.

சரிபண்ணுவது

மரை டேப்புக்குப் புது ஃபைபர் வாஷர் போதும். பிளம்பர் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் நாடாவை நான் இங்கே சேர்ப்பதில்லை. பெட்ரோலில் அது கரையாது என்பது உண்மைதான். பிசிறு பிய்ந்து கார்ப்பரேட்டரின் சின்ன ஓட்டையான ஜெட்டை அடைக்கிறது என்பதும் உண்மை. 2 போல்ட் டேப் என்றால் டேங்கோடு ஒட்டுகிற முகம் வளைந்திருக்கலாம். கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் எமரி தாளை வைத்து, டேப்பின் முகத்தை எட்டுப் போடுகிற மாதிரி மெதுவாகத் தேயுங்க. முகம் முழுக்க ஒரே சீராக மினுங்கினால் சமமாகிவிட்டது. ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் வாங்கும்போது ‘விட்டான்’ (Viton) ரப்பர் என்று கேட்டு வாங்குங்க, எத்தனாலுக்குத் தாங்கும். வண்டி ஸ்பேர் கடையில் இல்லாவிட்டால் ஹைட்ராலிக் சீல் விற்கிற கடையில் கிடைக்கும்.

கைப்பிடிப் பக்கம் ஒழுகினால், கைப்பிடியைப் பிடித்திருக்கிற தகட்டின் 2 சின்ன ஸ்க்ரூவைக் கழட்டுங்க. வளைந்த ஸ்பிரிங் வாஷர், கைப்பிடி, அடியில் ஓட்டை போட்ட வட்ட ரப்பர், இந்த வரிசையில் வரும். போனில் ஒரு படம் எடுத்துவைங்க. ரப்பரில் கைப்பிடியின் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும், அதுதான் கசிகிற வழி. புதுசு கிடைக்கிற வரை திருப்பிப் போட்டால் கொஞ்ச நாள் ஓடும். கார்க் இருக்கிற பழைய டேப்பில் கார்க் காய்ந்து சுருங்கியிருக்கும். வெந்நீரில் ஊறப்போட்டால் பல நேரம் ஊதிப் பழையபடி அடைக்கும்.

டேங்கின் மரையே போயிருந்தால் மட்டும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்க. கோயம்புத்தூரில் அதுக்குப் பஞ்சமில்லை. வெல்டிங் வேண்டுமென்றால் டேங்கைச் சுத்தமாகக் கழுவி ஆவி போக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்கணும். காலி டேங்க்தான் வெடிக்கும்.

வழியில் தாராபுரம் ரோட்டில் மாட்டிக்கொண்டால் துணி துவைக்கிற சவுக்காரத்தைக் கசிகிற இடத்தில் அழுத்தித் தேயுங்க. பெட்ரோலில் சவுக்காரம் கரையாது, ஊர் வந்துசேரலாம்.

மாட்டிச் சோதிப்பது

கையால் மரை ஏற்றிவிட்டு, கடைசியில் மட்டும் ஸ்பேனர். டேங்கின் அடி மெல்லிய தகடு. பலம் காட்டினால் டேப் ஏறுகிற மரைக் குமிழ் பெயர்ந்துவிடும். அரை லிட்டர் ஊற்றி ஆன், ரிசர்வ், ஆஃப் மூன்றிலும் சாக்பீஸ் பொடியோடு மறுபடி பாருங்க.

ரொம்ப நாள் ஒழுகியிருந்தால் கிக்கர் உதைப்பதற்கு முன் ஆயில் மூடியைத் திறந்து மோந்து பாருங்க. ஆஃப் ஆகாத டேப்பும் மூடாத நீடிலும் சேர்ந்தால், புல்லட் மாதிரி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கும். வாடை அடித்தால் ஸ்டார்ட் பண்ணாதீங்க, பிளக்கைக் கழட்டி மெதுவாகச் சுற்றி வெளியே விட்டு, ஆயிலை மாற்றிய பிறகே உதைங்க.