பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு மலிவாகக் காப்புறுதி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சப்பேர்தான். டொயோட்டா எம்ஆர்2, மஸ்டா ஆர்எக்ஸ்-7, நிசான் 300இசட்எக்ஸ், போர்ஷே 944 என்று எண்பதுகளில் வந்த கார்களை உயிராக வைத்துப் பார்க்கிறவர்கள். ஒரு கதவு ரப்பருக்காக யப்பான் வரை ஆள் பிடிப்பார்கள். ஆனால் காப்புறுதி என்று வந்தால் மட்டும், வருமான அனுமதிப்பத்திரம் முடிகிற கிழமையில் ஓடிப்போய், ஆகக் குறைந்த காசுக்கு எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். காப்புறுதி மலிவா இல்லையா என்பது காசு கட்டுகிற அன்று தெரியாது. கார் அடிபட்ட அன்றுதான் தெரியும். மலிவாக எடுக்க வழி இல்லாமல் இல்லை. பிழையான இடத்தில் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"பழைய கார்தானே தம்பி, தேர்ட் பார்ட்டி போதும்" என்ற பேச்சிலிருந்துதான் பல பிழைகள் தொடங்குகின்றன. 1951 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயம் என்று கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியைத்தான். நம் காரால் இன்னொருவருக்கு வரும் பாதிப்புக்கு அது பொறுப்பு. நம் காருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. நம் பக்கத்து வீதிகளை நினைத்துப் பாருங்கள். கிரான், ஓட்டமாவடிப் பக்கம் இரவில் தார் வீதியில் மாடு படுத்திருக்கும். புணானை தாண்டினால் யானை. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் போய் மாட்டில் மோதினால் பொனட்டும் ரேடியேட்டரும் முன்கண்ணாடியும் சேர்ந்தே போகும். மாட்டுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் வரமாட்டார்.

கிளைக் காரியாலயத்தில் "இவ்வளவு பழைய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் தருவதில்லை" என்று கையை விரிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவதும் ஒரு பிழைதான். கிளையில் இருப்பவர் கணினியில் வருடத்தைப் போடுகிறார், அது மறுக்கிறது, அவரும் மறுக்கிறார். கோப்பைக் கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பித் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்கும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. பதிவுப் புத்தகத்தின் பிரதி, மதிப்பீட்டு அறிக்கை, நான்கு பக்கமும் எடுத்த படங்கள், என்ஜின் அறை, செசி இலக்கம், மீட்டர், காரின் அடிப்பாகம், இரவில் கார் நிற்கும் கூடம், கராஜ் பில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக் கொடுங்கள். ஒழுங்காகப் பராமரிக்கப்படும் கார் என்று தெரிந்தால் பேச்சு மாறும். நம் காரின் சேதத்தையும் ஏற்கும் முழுக் காப்புறுதி முடியவே முடியாது என்றால், மூன்றாம் தரப்போடு தீயும் களவும் சேர்த்துத் தர முடியுமா என்றாவது கேளுங்கள்.

அடுத்தது பெறுமதி. இதில்தான் ஆட்கள் அதிகம் நட்டப்படுகிறார்கள். காப்புறுதிக்கு நாம் கட்டும் பிரீமியம், காரின் பெறுமதியை வைத்துக் கணக்கிடப்படுவதால், பெறுமதியைக் குறைத்துப் போட்டால் கட்டுகிற காசும் குறையும். எண்பது இலட்சம் பெறுமதியான காரை நாற்பது இலட்சம் என்று போடுகிறார் ஒருவர் என்று வையுங்கள். ஒரு பக்கம் அடிபட்டு, திருத்த பத்து இலட்சம் முடிகிறது. நாற்பது வரை எடுத்திருக்கிறேனே, பத்து முழுதாக வரும் என்று அவர் நினைப்பார். ஒப்பந்தத்தில் சராசரி நிபந்தனை இருந்தால் ஐந்துதான் வரும். காரின் பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி எடுத்திருக்கிறீர்கள், மற்றப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்பதுதான் அந்த நிபந்தனையின் கணக்கு. இத்தனைக்கும் அவர் பொய் சொல்ல நினைத்திருக்கக்கூட மாட்டார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 இல் மறுபடி திறந்துவிட்டார்கள். இடையில் இருந்த வருடங்களில் பழைய தொகையையே புதுப்பித்துக்கொண்டு வந்தவர்களின் பத்திரத்தில் இருப்பது எப்போதோ இருந்த விலை. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும் முன்னும் ஒரு மதிப்பீடு எடுங்கள். ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் போன்ற இடங்களில் எடுத்த அறிக்கைக்கு, தெரிந்த கார் புரோக்கர் வாயால் சொல்லும் விலையை விடப் பெறுமானம் அதிகம்.

பெறுமதியைக் கூட்டிப் போடுவதிலும் பயனில்லை. கார் முற்றாகச் சேதமானால் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அன்றைய சந்தை விலையைத்தான் தரும். கூடுதலாகக் கட்டிய பிரீமியம் போனது போனதுதான்.

லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கும் மச்சான் "இங்கே நான் எவ்வளவு மலிவாக எடுத்திருக்கிறேன் தெரியுமா" என்று சொல்வதை வைத்து இங்கே பேரம் பேசப் போகிறவர்களும் உண்டு. அந்த ஊர்களில் பழைய கார்களுக்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஹேகர்டி அதில் பெயர் போனது. காரின் விலையை இரு தரப்பும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வார்கள். முழுச் சேதம் என்றால் அந்தத் தொகை வரும், தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் அந்த மலிவுக்குக் காரணம் இருக்கிறது. அன்றாடம் ஓட வேறு கார் இருக்க வேண்டும், இது பூட்டிய கூடத்தில் நிற்க வேண்டும், குறைவாகத்தான் ஓட வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்திருப்பார்கள். விலையை விட்டுவிட்டு அந்த யோசனையை இங்கே எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு வேறு வாகனம் இருக்கிறது, இந்தக் கார் வருடத்துக்கு இவ்வளவுதான் ஓடும், பேசி முடித்த பெறுமதியில் தருவீர்களா என்று கேளுங்கள். சரி என்றால் அது பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். முகவரின் வாய்ச்சொல் கிளெய்ம் மேசையில் செல்லாது.

அப்புறம், மறைப்பது. காப்புறுதி முழுக்க நம்பிக்கை மேல் நிற்கும் ஒப்பந்தம். ஆபத்தைக் கூட்டக்கூடிய எதையும் நாமாகச் சொல்ல வேண்டும். ஆர்எக்ஸ்-7 இல் ரோட்டரி என்ஜினைக் கழற்றிவிட்டு வேறு என்ஜின் போட்டிருப்பார்கள், பதிவுப் புத்தகத்தில் பழைய இலக்கமே இருக்கும். நிறம் மாறியிருக்கும், புத்தகம் மாறியிருக்காது. இவற்றை முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சரி செய்ய வேண்டும், பிறகுதான் காப்புறுதி. ஓபன் பேப்பரில், அதாவது பெயரை மாற்றாமல் கையொப்பம் வைத்த படிவத்தோடு மட்டும் வாங்கிய கார் இதை விட மோசம். பல கை மாறிய இந்த மாதிரிக் கார்களில் பதிவுச் சொந்தக்காரர் இன்னும் கொழும்பில் யாரோ ஒருவராக இருப்பார். காப்புறுதி உங்கள் பெயரில், கார் அவர் பெயரில் என்றால், இந்தக் காரில் உங்களுக்கு என்ன உரித்து என்ற கேள்வி கிளெய்ம் நேரத்தில் கட்டாயம் வரும். கொஞ்சம் செலவானாலும் கார் வாங்கிய உடனே பெயரை மாற்றிவிடுங்கள்.

கலியாணக் கார் விஷயத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். அழகான பழைய கார் இருந்தால் கலியாண வீட்டுக்காரர் கேட்பார்கள், பெட்ரோலுக்கு என்று சொல்லிக் கையில் ஏதோ வைப்பார்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியில் அது வாடகை ஓட்டம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறியிருக்கும்போது ஏதாவது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காசுக்கு ஓட்டுவதாக இருந்தால் அதைச் சொல்லி, அதற்கான பிரீமியத்தைக் கட்டி எடுங்கள்.

இனி நம் பகுதிக்கே உரிய இரண்டு விஷயங்கள், வெள்ளமும் உப்புக் காற்றும். 1978 நவம்பர் சூறாவளியைப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தை நம்மில் பலர் நேரிலேயே பார்த்தோம். முழுக் காப்புறுதி என்ற பெயரைப் பார்த்து வெள்ளமும் அடங்கும் என்று எண்ண வேண்டாம். இயற்கை அனர்த்தம், கலவரம், பயங்கரவாதம் எல்லாம் தனியாகச் சேர்க்கும் மேலதிகக் காப்பாக இருக்கலாம். பத்திரத்தின் அட்டவணையில் அவற்றின் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பிரீமியத்தைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் பல நேரம் முதலில் வெட்டப்படுவது இதுதான். மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை வெட்ட ஒத்துக்கொள்ளவே கூடாது. வெள்ளத்தில் நின்ற காரை ஓடுமா என்று பார்க்க ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், பிஸ்டனோடு இணைந்த கம்பியான கொன்ரொட் வளையும். தண்ணீர் ஏறியது அனர்த்தம், வளைந்தது உங்கள் செயல் என்று பிரித்துப் பேச அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

உப்புக் காற்றின் வேலை மெதுவாக நடக்கும். கல்லடி, நாவலடிப் பக்கம் நிற்கும் காரின் பெயின்ட் மேலே பளபளக்கும். கதவுக்குக் கீழே, ஜாக் வைக்கிற இடத்தில், சேதத்தை மதிப்பிட வரும் அசெசர் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்ப்பார். நல்ல தகடு கணீர் என்னும். கறள் தின்ற தகடு மொத்தென்று அடங்கும், சில நேரம் மண் மாதிரி உதிரும். உடனே அறிக்கையில் "முன்பிருந்த கறள்" என்று எழுதுவார், அந்தப் பகுதியின் செலவு கழிந்துவிடும். தேய்மானமும் கறளும் எந்தக் காப்புறுதியிலும் சேராது என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. மாரிக்கு முன் அடிப்பாகத்துக்குக் கறள் தடுப்புப் பூச்சு அடித்து, பில்லையும் திகதியோடு படங்களையும் வைத்திருங்கள். அடிபட்ட இடம் அதற்கு முன் நன்றாக இருந்தது என்று காட்ட அதுதான் சாட்சி. தானாக வரும் என்ஜின் கோளாறும் இப்படித்தான். 944 இல் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடித்து என்ஜினே போகும். அது விபத்து இல்லை, பராமரிப்புக் குறை.

முன்கண்ணாடிக்கும் இழுத்துச் செல்லும் செலவுக்கும் என்ன உச்ச வரம்பு என்று கேட்காமல் விடாதீர்கள். இந்தக் கார்களின் கண்ணாடியை வெளிநாட்டிலிருந்து எடுக்க வேண்டி வரலாம். தெரிந்த கராஜ் கொழும்பில் என்றால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் தட்டையான கரியரில். கொக்கி போட்டு இழுத்தால் முன் பம்பர் வீதியில் உரசும்.

காசை எங்கேதான் குறைப்பது? நீங்களாகவே கூடுதல் எக்ஸஸ் ஏற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நம் கையால் போடும் தொகை அது. அது கூடினால் பிரீமியம் குறையும். வருடத்தில் கொஞ்சமே ஓடும் காருக்கு இது நல்ல வழி. இன்னொன்று நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் கழிவு. கழிவில்லாமல் இரண்டு இலட்சம் பிரீமியம், உங்களுக்கு நாற்பது வீதக் கழிவு இருக்கிறது என்றால், நீங்கள் கட்டுவது ஒரு இலட்சத்து இருபதாயிரம். பதினையாயிரம் ரூபாய்க் கீறலுக்குக் கிளெய்ம் எடுத்து அந்தக் கழிவை இழந்தால் அடுத்த வருடமே எண்பதாயிரம் கூடும். சின்னச் சின்னதை நீங்களே திருத்திவிடுங்கள். இந்தக் கழிவு பொதுவாக ஆளோடு போவது, காரோடு வருவது இல்லை. விற்பவர் தன் கழிவைக் காட்டி விலை கேட்டால் நம்ப வேண்டாம். நிறுவனம் மாறும்போது பழைய இடத்தில் அதற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

விண்ணப்பப் படிவத்தை முகவர் நிரப்பட்டும் என்று வெற்றுத்தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். படிவம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொல்லி, பதிலை நீங்கள் எழுதி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். முகவர் நிறுவனத்தின் ஆள். பதிவு பெற்ற காப்புறுதித் தரகர் உங்கள் சார்பில் பல நிறுவனங்களிடம் விலை கேட்பவர். இந்த மாதிரிக் காருக்கு நான் தரகரிடம்தான் போகச் சொல்வேன்.

கிளெய்ம் அநியாயமாக மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதில் கையில் இருந்தால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமில்லாமல் போகலாம். இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.