ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குவோருக்கு

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் ரயிலில் ஸ்ரீவைகுண்டம் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். நிலையம் தாமிரபரணியின் தென்கரையில், புதுக்குடிப் பக்கம் இருக்கிறது. ஊரும் கள்ளபிரான் கோயிலும் வடகரையில். பெட்டியோடு இறங்கி ஆற்றைக் கடக்க வேண்டும்.

1923-இல் மீட்டர் கேஜாக வந்த பாதை, 2008-இல் அகலப் பாதையானது. ஆச்சியோடு போன பழைய பெட்டிகளில் கருப்பட்டி மணக்கும்.

பூர்வீக வீட்டில் பங்கு இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன்பே உறவினர்களிடம் பேசிவிடுங்கள். நான் பேசவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த 9 நாள் விடுப்பில் 6 நாள் அதிலேயே கரைந்தது. போன மறுநாளே சித்தப்பா, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார். என் கையெழுத்துதான் பாக்கி. வாரிசுச் சான்றிதழில் அப்பாவின் தலைப்பெழுத்து ஒரு விதம், வீட்டின் பழைய மூல ஆவணமான தாய்ப்பத்திரத்தில் வேறு விதம். பதிவுக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் திரும்பினோம். இரண்டையும் புறப்படும் முன்பே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தை கேட்காமல் பத்திரம் எழுதலாமா என்று சத்தம் போட்டேன். “வெள்ளத்தில் பின்சுவர் சரிந்தபோது நீ எங்கே இருந்தாய்?” என்றார்.

2023 டிசம்பர் 17 இரவு, சென்னை போக வேண்டிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு இந்த நிலையத்தில் நின்றுவிட்டது. ஜல்லியும் மண்ணும் அடித்துப் போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. 19-ஆம் தேதிதான் பயணிகளை மீட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் அனுப்பினார்கள். அதுவரை பக்கத்துக் கிராமத்தார் சமைத்துக் கொடுத்தார்கள். சித்தப்பாவும் இடுப்பளவுத் தண்ணீரில் அரிசி சுமந்திருக்கிறார். நான் சிங்கப்பூரில் கைபேசியில் அந்தத் தண்டவாளத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட்டேன். மனம் ஆறவில்லை.

வர முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, தங்களுக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டுமென்றால் நேரில் போங்கள்.

அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூர் பக்கத்தில்தான், போய்ப் பார்க்க எனக்கு நாள் மிஞ்சவில்லை. புறப்படும்போது சித்தப்பா ஜன்னல் வழியாகக் கருப்பட்டிக் கொட்டானை நீட்டினார். “தாதன்குளம் வருவதற்குள் பார், மண் அரித்த இடம் தெரியும்” என்றார். செய்துங்கநல்லூர் வரைக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லா ஜல்லியும் ஒன்று போலவே இருந்தது.