ஹெல்த் என்ஜிஓவுல ரிப்போர்ட்டிங் ஆபீசரா சேர்ந்தா எப்படி வேலை செய்யணும்: தர்மபுரியில இருந்து எழுதறேன்

ரிப்போர்ட்டிங் ஆபீசர்னு ஆர்டர் வந்ததும் வீட்ல பத்திரிகை வேலைன்னு நினைச்சிக்கறாங்க, நமக்கே கூட ஆபீஸ்ல உக்காந்து இங்கிலீஷ்ல எழுதற வேலைன்னு ஒரு நினைப்பு இருக்கும். ரெண்டும் இல்லைங்க. இந்த மாசம் என்ன செஞ்சோம், யாருக்கு செஞ்சோம், எது நடக்கல, ஏன் நடக்கல, இத பணம் குடுத்தவங்களுக்கும் சுகாதாரத் துறைக்கும் நம்ம ஹெட் ஆபீசுக்கும் எழுத்துல சொல்றதுதான் வேலை. நான் தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் மொபைல் கிளினிக் நடத்தற ஒரு அமைப்புக்கு இத செய்யறேன், புதுசா சேர்ற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதறேன்.

முதல் வாரம் எதையும் எழுதாதீங்க. டோனரோட, அதாவது பணம் குடுக்கறவங்களோட போட்ட ஒப்பந்தத்த முழுசா படிங்க, அதுல எத்தன ரிப்போர்ட், எந்த தேதி, எந்த ஃபார்மேட், என்னென்ன இண்டிகேட்டர் (வேலைய அளக்கற அளவுகோல்) எல்லாம் இருக்கும். சில டோனருங்க 8+3ன்னு ஒரு ஃபார்மேட் கேப்பாங்க, 2016ல டோனருங்களும் உதவி அமைப்புங்களும் சேந்து கிராண்ட் பார்கெய்ன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அதுக்கு அப்பறம் வந்தது, 8 கேள்வி எல்லாருக்கும் பொது, டோனருக்கு வேணும்னா இன்னும் 3 சேத்துக்கலாம். தேதியெல்லாம் எடுத்து ஒரு காலண்டர்ல போட்டு, ரிப்போர்ட் தேதிக்கு மூணு வாரம் முன்னாடி இன்னொரு கோடு போடுங்க, ஃபீல்டுல இருந்து டேட்டா வந்து சேர வேண்டிய கடைசி நாள் அதுதான்.

ரெண்டாவது வாரம் வண்டில ஏறிடுங்க. பென்னாகரம், ஏரியூர், அஞ்செட்டி, தளி, எங்க கிளினிக் போகுதோ அங்க போய் நம்ம நர்ஸ் சிஸ்டர் பக்கத்துல உக்காந்து ரிஜிஸ்டர எப்படி எழுதறாங்கன்னு பாருங்க. நீங்க எழுதப்போற ஒவ்வொரு நம்பரும் அந்த நோட்டுல இருந்துதான் பொறக்குது. நூறு பேர் வெயில்ல வரிசைல நிக்கறப்ப வயசு போடற கட்டத்த அவங்க எப்படி நிரப்புவாங்கன்னு கண்ணால பாத்தாதான் எந்த நம்பர நம்பலாம், எதுக்கு இன்னொரு தரம் போன் போட்டு கேக்கணும்னு தெரியும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். தலையும் வருகையும் வேற வேற. ஒரு அம்மா சுகர் மாத்திரைக்கு மூணு மாசம் மூணு தடவ வந்தா அது 3 வருகை, ஆனா 1 ஆள். நான் சேந்த முதல் வருஷம் வருகைய கூட்டி "இத்தன பேருக்கு சிகிச்சை குடுத்தோம்"னு எழுதிட்டேன், டோனர் தரப்புல இருந்து பாக்க வந்தவர் ரிஜிஸ்டர திருப்பி ஒரே பேர் அஞ்சு பக்கத்துல இருக்கறத காட்டினப்ப எனக்கு பேச்சு வரல. யாரும் ஏமாத்தணும்னு செய்யல, ஆனா அந்த காலாண்டு ரிப்போர்ட் மொத்தமும் திருப்பி எழுத வேண்டியதா போச்சு, அதவிட எங்க நர்ஸ் சிஸ்டருங்க வெயில்ல செஞ்ச வேலை மேலயே சந்தேகம் விழுந்துச்சு, அது இன்னும் எனக்கு வலிக்குது. அதனால புது ஆளா பழைய ஆளான்னு ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம் கண்டிப்பா வேணும். கர்ப்பிணிங்களுக்கு பிக்மி நம்பர (கர்ப்பத்த அரசாங்கத்துல பதிவு பண்றப்ப குடுக்கற நம்பர்) எழுதிக்க சொல்லுங்க, ஏன்னா நம்ம ஊர் பக்கம் ஏழாவது மாசம் ஆனா அம்மா வீட்டுக்கு போயிடுவாங்க, புருஷனுக்கு பெங்களூர்ல கட்டட வேலைன்னா அங்க போயிட்டு திரும்பி வருவாங்க, பேர வச்சு தேடினா ஒரே ஊர்ல நாலு பேர் அதே பேர்ல இருப்பாங்க, நம்பர் இருந்தா ஒரே ஆள ரெண்டு தடவ எண்ண மாட்டோம்.

அதே மாதிரி அரசாங்கம் செஞ்சத நாம செஞ்சதா எழுதக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க, அந்த திட்டத்துல வீட்டுக்கே வந்து பிபி, சுகர் மாத்திரை குடுக்கறாங்க. நம்ம கேம்ப்ல பிபி பாத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி அங்க இருந்து மாத்திரை கிடைச்சா, "கண்டுபிடிச்சோம், அனுப்பினோம், இத்தன பேர் போய் சேந்தாங்கன்னு பாத்துக்கிட்டோம்"னு எழுதுங்க. போய் சேந்தாங்களான்னு பாக்கறதே பெரிய வேலைதான், அதுக்கே மதிப்பு இருக்கு.

இண்டிகேட்டர் விஷயத்துல தர்மபுரிக்காரங்க கண்டிப்பா தெரிஞ்சிக்க வேண்டியது ஃபுளோரைடு. நம்ம போர் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ரெண்டு வருஷ ப்ராஜெக்ட்ல "பல்லு கறை உள்ள பசங்க எண்ணிக்கை பாதியா குறையும்"னு யாராவது ப்ரபோசல்ல எழுதி வச்சிருந்தா உடனே கை தூக்குங்க. பல்லு உருவாகற சின்ன வயசுல குடிச்ச தண்ணிதான் அந்த கறைக்கு காரணம், ஒருதரம் வந்துடுச்சின்னா நல்ல தண்ணி குடுத்தாலும் கறை தானா போகாது. பத்து வயசு பையன் வாயில பாக்கறது பல வருஷம் முன்னாடி நடந்தது, அத வச்சு இந்த வருஷ வேலைய அளக்க முடியாது. அதுக்கு பதிலா எத்தன வீடு போர் தண்ணிய விட்டுட்டு குழாய் தண்ணிக்கு மாறிச்சு, சமையலுக்கும் அதே தண்ணியா, சிறுநீர்ல ஃபுளோரைடு அளவு என்ன ஆச்சுன்னு கேளுங்க, இதெல்லாம் இப்ப குடிக்கற தண்ணிய காட்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் 2013ல திறந்தாங்க, ஆனா "2013ல இருந்து காவிரி தண்ணி"ன்னு எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி எழுதிடாதீங்க, உங்க ஊருக்கு குழாய் எந்த வருஷம் வந்துச்சு, வாரத்துல எத்தன நாள் வருதுன்னு அந்த ஊர்ல கேட்டு எழுதுங்க, தண்ணி வராத நாள்ல அவங்க திரும்ப போருக்குதானே போவாங்க.

இன்னொன்னு, ஜனங்க சொல்ற வார்த்தைய தூக்கி போடாதீங்க. "இடுப்பு புடிச்சிக்கிச்சு சார், குனிஞ்சு களை எடுக்க முடியல, கீழ உக்காந்தா எழுந்திருக்க முடியல"ன்னு ஒரு பாட்டி சொல்றத "மூட்டு வலி"ன்னு ரெண்டு வார்த்தைல சுருக்கினா டாக்டருக்கே விஷயம் போய் சேராது. அவங்க சொன்னத அப்படியே தமிழ்ல எழுதி வச்சிக்கிட்டு அப்பறம் இங்கிலீஷ்ல எழுதுங்க.

நம்பர் குறைஞ்சா பயப்பட வேணாம், காரணம் எழுதுங்க. புளி உலுக்கற சீசன்ல, மாங்கா சீசன்ல கிளினிக்குக்கு ஆள் குறையும், கூலிய விட்டுட்டு யார் வருவாங்க? "பங்கேற்பு குறைவு"ன்னு மட்டும் எழுதினா ஜனங்களுக்கு அக்கறை இல்லாத மாதிரி ஆயிடும். கிளினிக் நேரத்த சாயந்திரத்துக்கு மாத்தலாமான்னு அதே ரிப்போர்ட்லயே கேளுங்க, நாங்க அப்படி கேட்டுதான் ரெண்டு ஊர்ல நேரத்த மாத்தினோம்.

அவசர காலத்துல அப்பப்ப நிலவரம் சொல்லி எழுதற சிட்ரெப் (சிச்சுவேஷன் ரிப்போர்ட்) தனி ரகம். 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டினப்ப, ரோட்டோரம் நின்ன வண்டியெல்லாம் தண்ணில அடிச்சிக்கிட்டு போச்சு, போன்ல வாட்சப்ல ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அந்த நேரத்துல ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல யார் சொன்னது, எத்தன மணி நிலவரம்னு போடுங்க. இறந்தவங்க எண்ணிக்கை மாவட்ட நிர்வாகம் சொன்னது மட்டும்தான், நம்ம டீம் அண்ணன் நேர்ல பாத்து சொன்னா கூட அத தனியா வச்சிக்கிட்டு அங்க கேட்டு உறுதி ஆனதுக்கு அப்பறம்தான் சேக்கணும். ரெண்டு பக்கத்துக்கு மேல போகாதீங்க, படிக்கறவருக்கு முதல் பத்தியிலயே எந்த ஊர்ல என்ன இல்ல, ஓஆர்எஸ்சா, குளோரின் மாத்திரையா, சுகர் காரங்களுக்கு இன்சுலினா, எப்ப வேணும்னு தெரியணும். நாம செஞ்சதெல்லாம் அதுக்கு கீழ வரட்டும்.

கேஸ் ஸ்டோரி, அதாவது நம்மகிட்ட வந்த ஒருத்தரோட கதைய எழுதறப்பதான் ரொம்ப ஜாக்கிரதை. பேர மாத்திட்டா போதும்னு நினைக்காதீங்க. முப்பது வீடு இருக்கற மலை ஊர்ல "17 வயசு கர்ப்பிணி, புருஷன் லாரி கிளீனர்"னு எழுதினா அந்த பஞ்சாயத்து முழுக்க யாருன்னு தெரிஞ்சிடும். ஊர் பேர், வயசு, தொழில், மூணுல ரெண்டையாவது எடுத்துடுங்க. 18 வயசுக்கு கீழ கல்யாணம், கர்ப்பம்னா அது போக்சோ (குழந்தைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்தற சட்டம்) விஷயம், ஸ்டோரியா எழுதறதுக்கு முன்னாடி போலீசுக்கும் குழந்தைங்க பாதுகாப்பு பாக்கறவங்களுக்கும் அன்னிக்கே சொல்லியாகணும், அந்த பொண்ணோட அடையாளம் எந்த ரூபத்துலயும் வெளிய போகக் கூடாது. போட்டோவுக்கு சம்மதம் கேக்கறப்ப அவங்க பாஷைல கேளுங்க, தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னடம், ஓசூர் பக்கம் தெலுங்கு பேசறவங்க நிறைய. மாத்திரை வாங்கறதுக்கு முன்னாடி கேக்காதீங்க, வேணாம்னா மாத்திரை கிடைக்காதோன்னு பயந்து தலையாட்டுவாங்க. வாங்கிட்டு கிளம்பறப்ப கேளுங்க.

கணக்கு விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். ரிப்போர்ட் அனுப்பறதுக்கு முன்னாடி அக்கவுண்டன்ட் கூட ஒரு மணி நேரம் உக்காருங்க, நீங்க 12 கேம்ப்னு எழுதி அங்க 9 கேம்ப்புக்குதான் டீசல் பில் இருந்தா கேள்வி வரும். வெளிநாட்டு பணம்னா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை சட்டம்) கணக்கு, எஃப்சி-4ன்னு ஒரு படிவம், வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள போகணும், அந்த மாசம் அக்கவுண்டன்ட தொந்தரவு பண்ற மாதிரி வேலைய வச்சிக்காதீங்க.

ரிப்போர்ட் போனதும் தமிழ்ல அரை பக்கம் எழுதி, துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்கும் நம்ம டீமுக்கும் எடுத்துட்டு போங்க. அவங்க குடுத்த நம்பர் எங்க போச்சு, என்ன ஆச்சுன்னு அவங்களுக்கு யாரும் சொன்னதே இல்ல. நான் முதல் தடவ படிச்சி காட்டினப்ப ஒரு நர்சம்மா பேப்பர வாங்கி, "இந்த ஊர்ல ரத்தசோகை 4 பேர்னு போட்டிருக்கீங்க, 6 பேர்ங்க, ரெண்டு பேர் அன்னிக்கு ராகி அறுப்புக்கு போயிட்டாங்க"ன்னு சொல்லி பேனாவால திருத்தினாங்க. அடுத்த ரிப்போர்ட்ல அந்த ரெண்டு பேரையும் சேத்து, ஏன் மாறிச்சுன்னு கீழ ஒரு வரி எழுதி அனுப்பினேன்.