பொலன்னறுவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவையில், வட்டதாகே என்ற வட்டவடிவப் பௌத்தக் கோயிலின் படியடியில் ஒரு புது வழிகாட்டியைப் பார்த்தேன். கூட்டத்தை வெயிலில் நிறுத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "இன்னும் முக்கால் மணித்தியாலம்தான் இருக்கு, கல் விகாரையைப் பார்த்துட்டுக் கிளம்பிடுவோம்." எனக்கு வயிறு எரிந்தது. பதினெட்டு வருடங்களுக்கு முன் இதே படியில் நின்று இதே வசனத்தைச் சொன்னவன் நான்.

தண்ணீர் கொண்டு போங்கள், குடை எடுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிகிரியாவோடு சேர்த்து ஒரே நாளில் முடிப்பது

காலையில் சிகிரியா ஏற்றம், மத்தியானம் பொலன்னறுவை, இரவு திருகோணமலை. இரண்டுக்கும் இடையே அறுபது கிலோமீற்றர் அளவுதானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் திட்டம் போட்டேன், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த என் முதல் குழுவுக்கு.

வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. பழைய பௌத்தக் கோயில்கள் கூடி நிற்கும் தலதா மளுவை முற்றத்தில் சப்பாத்தையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். அந்த நேரத்தில் கல் தோசைக்கல் மாதிரிக் கொதிக்கும். அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாவுக்கு உள்ளங்காலில் கொப்புளம் போட்டுவிட்டது. மர நிழலில் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களை இழுத்துக்கொண்டு ஓடினேன். அப்புறம் பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல் விகாரை, பத்து நிமிடம். சாரதி ஹோர்ன் அடித்தார், வான் வண்டியில் ஏறினோம்.

நகரத்தைத் தாண்டிய பிறகு அந்த அம்மா கேட்டார்: "தம்பி, சோழர் கட்டின கோயிலைக் காட்டவே இல்லையே?"

அதற்குத் திரும்பும் பாதையைக் கடந்துதான் வந்திருந்தோம். திரும்பலாமா என்றேன். இருட்டினால் ஹபரணைப் பாதையில் யானை நிற்கும் என்று சாரதி மறுத்தார், அவர் சொன்னதும் சரிதான். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு தூரம் அவர் வந்ததே அதற்காகத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் பார்க்காமல் போனது இரண்டாம் சிவ தேவாலயம். வானவன்மாதேவி ஈச்சரம் என்பது கல்வெட்டு சொல்லும் பெயர். பபளு விகாரைப் பக்கம் திரும்பும் கிளைப்பாதையில், நகரத்தின் கிழக்கோரமாக இருக்கிறது. நகரத்தில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான். செங்கல் கட்டடங்கள் பாதி சரிந்து கிடக்கும் ஊரில், முழுக்கக் கல்லால் எழுப்பிய இந்தச் சின்னக் கோயில் விமானத்தோடு நிற்கிறது. அடிவரிசைக் கல்லில் குனிந்து பார்த்தால் தமிழ் எழுத்து தெரியும். 993 அளவில் இராசராசனின் படை அநுராதபுரத்தைப் பிடித்தது. சோழர் தலைநகரை இங்கே மாற்றி ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை விரட்டும் வரை அந்த ஆட்சி இருந்தது.

அதோடு கதை முடிந்துவிடவில்லை, அவசரப்படுகிறவர்களுக்குக் கிடைக்காமல் போவது இந்த மீதிதான். விஜயபாகு புத்தரின் புனிதத் தந்தத்துக்காகக் கட்டிய அட்டதாகே, தலதா மளுவையில் இருக்கிறது. அதன் அருகே உயரமான ஒரு கற்பலகை. எழுதியிருப்பது தமிழில். வேளைக்காரப் படையினர் தந்தக் கோயிலை உயிர் கொடுத்தும் காப்போம் என்று ஏற்ற உறுதி அது. கோயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் "மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி". சோழரை விரட்டிய மன்னரின் பௌத்தக் கோயிலுக்குத் தமிழ்ப் படை காவல். இதைச் சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரமாவது வேண்டும். முக்கால் மணித்தியாலத்தில் நகரம் முழுவதையும் முடிக்கிறவர் எப்படிச் சொல்வார்?

ஒரு முழுநாள் கொடுங்கள். முந்தின இரவே ஊரில் தங்கி, காலை ஏழரைக்குள் உள்ளே போங்கள். வெறுங்காலோடு நடக்கும் இடங்களை முதலில் முடியுங்கள். உச்சி வெயிலுக்கு நூதனசாலை. மூன்றரைக்குப் பிறகு கல் விகாரை.

காலுறை கொண்டு வராமல் இருப்பது

பழையது ஒரு சோடி போதும்.

எல்லாவற்றையும் பராக்கிரமபாகு கணக்கில் எழுதுவது

அரண்மனை, லங்காதிலகம் என்ற புத்தர் கோயில், கல் விகாரை, பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளம் எல்லாம் மன்னர் பராக்கிரமபாகு காலத்தவை (1153–1186). ஆனால் கல்பொத்த என்ற கல் புத்தகம் பின்னால் வந்த மன்னர் நிசங்க மல்லனுடையது (1187–1196). ஏறத்தாழ 25 தொன் எடையுள்ள அந்தக் கல்லை மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்ததாக அதிலேயே எழுதி வைத்திருக்கிறார். அதன் ஓரத்தில் ஓடும் அன்ன வரிசையைப் பாருங்கள். இரண்டு சிவன் கோயில்களையும் சோழர் கோயில் என்பதும் தவறு. தலதா மளுவைக்குப் பக்கத்தில் உள்ள முதலாவது, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாண்டிய பாணிக் கட்டடம். அந்த நூற்றாண்டுத் தொடக்கத்திலேதான், 1215இல், கலிங்க மாகன் படையெடுத்து வந்து நகரத்தைச் சிதைத்தான்.

சந்திரவட்டக்கல்லைப் பார்க்காமல் படியேறுவது

படிக்கட்டின் அடியில் பதித்திருக்கும் அரைவட்டச் செதுக்குக்கல் இது. அநுராதபுரத்தில் யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் அதில் வரிசையாகப் போகும். வட்டதாகேயில் எருதைத் தேடிப் பாருங்கள், இருக்காது. சிவனின் வாகனத்தை மிதிக்கக் கூடாது என்றுதான் விட்டார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது

கூடவே கூடாது.

கல் விகாரையில் எட்ட நின்றே திரும்பிவிடுவது

படுத்திருக்கும் சிலையின் நீளம் சுமார் 14 மீற்றர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். தலைப்பக்கம் போங்கள். தலையணை, தலையின் பாரத்தில் அமுங்கியிருக்கும். கருங்கல்லில் அந்தச் சின்னக் குழிவைச் செதுக்கியிருக்கிறார்கள். பிறகு கால்பக்கம். மேலே உள்ள பாதம் கொஞ்சம் பின்வாங்கி இருப்பது தெரியும். தூங்குகிறவரின் பாதங்கள் சேர்ந்திருக்கும், இவர் பரிநிர்வாணம் அடைந்தவர். பக்கத்தில் கைகட்டி நிற்பவரைப் புத்தரின் சீடர் ஆனந்தர் என்று அடித்துச் சொல்லாதீர்கள், அவரும் புத்தரே என்பார் பலர்.

குரங்குக்குத் தின்னக் கொடுப்பது

வேண்டாம்.

பொத்குல் விகாரையை விட்டுவிடுவது

நகரத்துக்குத் தெற்கே, குளக்கட்டு ஓரமாகச் சைக்கிளில் போய்விடலாம். பாறையில் செதுக்கிய தாடிக்காரர் ஒருவர், கையில் எதையோ ஏந்தி நிற்கிறார். பராக்கிரமபாகு என்பார்கள் சிலர், முனிவர் என்பார்கள் சிலர். அந்த அம்மா ஊருக்குத் திரும்பி மூன்று வருடம் கழித்து, மகனோடு மறுபடி வந்தார். காலை எட்டு மணிக்கு ஈச்சரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு, சாயங்காலம் இந்தச் சிலைக்கு எதிரே உட்கார்ந்தோம். "யாரா இருந்தா என்ன தம்பி, முகம் நல்லா இருக்கு" என்றார்.