துருப்பிடித்த பழைய காரை தினமும் ஓட்ட வாங்குகிறீர்களா? முதலில் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள்

பழைய கார் பார்க்கப் போகிற எவரும் முதலில் பானெட்டைத்தான் திறக்கச் சொல்வார்கள். நானும் அதைத்தான் செய்தேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சைலன்ஸரில் புகை இல்லை, வேண்டாத சத்தம் இல்லை. பெயிண்ட் மட்டும் அங்கங்கே கொப்புளித்திருந்தது. வயசான வண்டி, இதெல்லாம் இருக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விலை வேறு மலிவு.

முதல் மழையில் ஓட்டும்போதே கால் நனைந்தது. கால்மிதியைத் தூக்கினேன், அடியில் ஊறிப்போன கார்பெட். அதையும் தூக்கினால் தார் பூசிய ஒரு ஷீட் ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் நெம்பினேன். காய்ந்த சருகு மாதிரி நொறுங்கி வந்தது. கீழே ரோடு தெரிந்தது.

இன்ஜினைப் பார்த்து கார் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை. இன்ஜின் நாலு போல்ட்டில் உட்கார்ந்திருக்கிற சாமான். கழற்றலாம், பிரிக்கலாம், வேறு ஒன்றை மாட்டலாம். கியர்பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர் எல்லாம் அப்படித்தான். பாடியை அப்படிக் கழற்றி மாட்ட முடியாது. 1934-ல் வந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவான் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாமல், பாடியையே எலும்புக்கூடாக வைத்து பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட முன்னோடி கார்களில் ஒன்று. பிறகு மெல்ல மெல்லப் பெரும்பாலான கார்கள் அந்த வழிக்கே வந்துவிட்டன. அதாவது நீங்கள் பார்க்கிற தகடு வெறும் சட்டை இல்லை, முதுகெலும்பும் அதுதான்.

அந்த முதுகெலும்பில் முக்கியமான பகுதி, கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளமாக ஓடுகிற பெட்டி. இரண்டு மூன்று தகடுகளை மடித்து, ஸ்பாட் வெல்டிங் போட்டு, உள்ளே வெற்றிடமாக விட்டிருப்பார்கள். தண்ணீரும் மண்ணும் அதற்குள் போய்த் தங்கும். இங்கே துரு பெரும்பாலும் உள்ளே ஆரம்பித்துத்தான் வெளியே வருகிறது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துவிடும், ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகளையே பிளந்து தள்ளும். ஆகவே பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரிந்தால் அது பெரும்பாலும் ஆரம்பம் இல்லை. உள்ளே வேலை முடிந்துவிட்டது என்ற செய்தி அது.

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் இது இன்னும் வேடிக்கை. பின்னால் இருக்கிற இன்ஜினின் சூடான காற்று இந்தப் பெட்டி வழியாகத்தான் முன்னே வருகிறது. துருப்பிடித்தால் வண்டியின் பலமும் போகும், ஹீட்டரும் போகும். பழைய மினியில் பின் சஸ்பென்ஷனைத் தாங்குகிற சின்னச் சட்டமான சப்ஃபிரேம் போகும். கூரை இல்லாத திறந்த கார்களில் சுமை முழுக்க அடிப்பகுதியில் இருப்பதால், அதே அளவு துரு இரண்டு மடங்கு கெடுதல். தனிச் சேஸிஸ் வைத்த வண்டி என்றால் தகட்டில் இருக்கிற ஓட்டைக்குக் கொஞ்சம் பயம் குறைவு. ஆனால் அங்கே சேஸிஸையும், பாடி அதில் உட்காருகிற இடங்களையும் படுத்துப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சக்கரத்தின் மேல் வளைவு, கதவின் அடி விளிம்பு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் என்று தடவிக்கொண்டே வாருங்கள். காந்தம் வழுக்கி விழுகிற இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் நல்ல தகடு கணீர் என்னும், பட்டி அடைத்தது தொப் என்னும். அப்புறம் கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்துத் தூக்குங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கலாம், அது சின்ன வேலை. கதவைத் தாங்குகிற தூணே அசைந்தால் மரியாதையாகக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். உரிமையாளர் சம்மதித்தால் வண்டியை ஜாக்கியில் ஏற்றியபடி கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். மூட முடியாமல் சிக்கினால் வண்டி நடுவில் வளைகிறது என்று பொருள். அடியில் பளபளவென்று புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்து வைத்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். விற்பதற்கு முந்தின வாரம் யாரும் ஆசைக்காக அதை அடிப்பதில்லை.

இன்னொரு விஷயம், பலரும் யோசிக்காதது. சீட் பெல்ட்டின் நங்கூரம் இருப்பது இதே தரையிலும் இதே தூணிலும்தான். அங்கே துரு இருந்தால் பெல்ட் புதிதாக இருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, மோதும்போது தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். மூன்று முனை பெல்ட்டை வால்வோ 1959-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் அதற்கு வெகுகாலம் பிறகு வந்த பல கார்களில்கூடப் பின் சீட்டில் பெல்ட்டே கிடையாது. குழந்தைகளை ஏற்றிப் போகத்தான் இந்த வண்டி என்றால் தயவுசெய்து வேறு வண்டி பாருங்கள்.

சின்ன ஓட்டைதானே, ஒரு பேட்ச் போட்டால் போச்சு

இதை நான் சொன்னபோது தகடு வேலை செய்கிற டிங்கர் சிரித்தார். காரணம் வேலை ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. வெல்டிங் பிடிக்க நல்ல இரும்பு வேண்டும். துருப்பிடித்த தகடு மெலிந்து போயிருக்கும், நெருப்பு பட்டதும் உருகி ஓட்டை பெரிதாகும். நல்ல இரும்பு வருகிற வரை வெட்டிக்கொண்டே போனால், நாணய அளவு ஓட்டை உள்ளங்கை அளவாகும், அப்புறம் முழங்கை அளவாகும். அதற்கு முன் சீட், கார்பெட், வயர், பெட்ரோல் குழாய் என எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தகட்டுக்கு ஆகிற செலவு கொஞ்சம்தான், கூலிதான் மீதி எல்லாம். கதவுக்குக் கீழுள்ள பெட்டியை வெட்டுவதற்கு முன் உள்ளே குறுக்குக் கம்பி கொடுத்துத் தாங்காவிட்டால் பாடி தொய்ந்துவிடும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், இன்ஜின் ஓடாத, ஆனால் தகடு நன்றாக இருக்கிற வண்டியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே பெரும்பாலும் மலிவு. கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை.

நன்றாக ஓடுகிறது என்றால் தினமும் ஓடும் என்று அர்த்தமில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை காலி ரோட்டில் அரை மணி நேரம் ஓடுகிற வண்டிக்கும், இரவு மழையில் நெரிசலில் நிற்கிற வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய டைனமோ வைத்த வண்டியில், இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது சார்ஜே ஏறாது. சிக்னலில் நிற்கிறீர்கள், ஹெட்லைட் எரிகிறது, வைப்பர் ஓடுகிறது, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. அந்த நேரம் முழுக்கப் பேட்டரி கரைகிறது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற ஃபேனும் அப்போது சோம்பலாகத்தான் சுற்றும், சூடு ஏறும். ஸ்பார்க் வரவைக்கிற பாயிண்ட்டின் இடைவெளி, வால்வு இடைவெளி, கார்புரேட்டர், கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்கள் எல்லாம் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கை பார்த்தாக வேண்டியவை. தினமும் ஓட்டினால் அந்தச் சில ஆயிரம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

நீண்ட நாள் சும்மா நின்ற வண்டி, ஓடிக் களைத்த வண்டியைவிட மோசம். டேங்க் உள்ளே துரு உதிர்ந்து பெட்ரோலோடு வரும், புது ஃபில்டர் ஒரே வாரத்தில் பழுப்பாகிவிடும். பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்ளாது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜின்களில் வால்வு சீட் (வால்வு உட்காருகிற இடம்) தேய்மானத்தையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெட்ரோல் கடைசியாக விற்ற அல்ஜீரியாவிலும் 2021-ல் நின்றுவிட்டது.

பிரேக்கில் மட்டும் சமாதானமே வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய நிலைக்கு அதே தர வரையறை கேட்பது 155 டிகிரிதான். அந்த ஈரமே உள்ளிருக்கும் சிலிண்டரையும் அரிக்கும். வாங்கியதும் ஆயிலையும் ஹோஸ்களையும் மாற்றிவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும்.

டயரில் பூ (ரோட்டில் பதிகிற வரிகள்) நிறைய இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000-க்கு முந்தைய டயர். அதன் மேல் வீடு வரைகூட ஓட்ட வேண்டாம்.

வாங்குவதற்கு முன்பே விசாரிக்க வேண்டியவை

உதிரிபாகம். பீட்டில் 2003 வரை 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் தயாரானது, அதற்கு எதுவும் கிடைக்கும். அரிய மாடல் என்று பெருமையாக வாங்கினால், அந்த அருமையை முன் கண்ணாடி உடைகிற அன்று அனுபவிப்பீர்கள். இன்ஜின் சாமானை எப்படியாவது தேற்றலாம். கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர், குரோம் பட்டைகள்தான் கிடைக்காது. ரப்பர் கசிந்தால் மீண்டும் தரையில் தண்ணீர், மீண்டும் துரு.

சேஸிஸ் எண்ணை உங்கள் கண்ணால் படியுங்கள். அது பொறித்திருக்கும் தகடே அரித்துப்போயிருக்கலாம். எண் தெரியாத வண்டிக்குப் பேப்பர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எல்லாம் சரி, வாங்கிவிட்டீர்கள். வேலைக்குப் போக இன்னொரு வழி இருக்கட்டும், அது சைக்கிளானாலும் சரி. பிரித்துப் போட்ட வண்டியில் ஆபீஸ் போக முடியாது. அவசரத்தில் மாட்டிய போல்ட்டை மறுபடி கழற்றத்தான் வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி வைக்காதீர்கள், உள்ளே வேர்த்து ஊறும். கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்ன ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தி மண்ணை எடுத்துவிடுங்கள். வெற்றிடங்களுக்குள் மெழுகு ஸ்பிரே அடியுங்கள். கல் பட்டு வெடிக்கிற தார்ப் பூச்சைவிட அது எவ்வளவோ மேல்.

என் வண்டியின் தரையை இரண்டு முறை ஒட்டினேன். மூன்றாவது முறை டிங்கரே வேண்டாம் என்றார். கடைசியில் அதே மாடல் வைத்திருந்த ஒருவர் உதிரிபாகத்துக்கென்று எடுத்துப் போனார். அவர் வண்டியில் இன்ஜின்தான் கெட்டிருந்தது. போன மாதம் அவர் கூப்பிட்டு, ஃபோனைப் பானெட் பக்கம் பிடித்துக் கேட்கச் சொன்னார். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது.